ரவுண்டானாவில் மாமா

"சைக்கிள்ல பிரேக் எந்தக் காலுக்கு?"

மாமா இப்படிக் கேட்டபோது நான் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். கேலி செய்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் கேலியே இல்லை. பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளையின் முகம்.

"கால்ல இல்ல மாமா. கையில."

"கையிலயா? அப்ப கால் என்ன பண்ணும்?"

"மிதிக்கும்."

"மிதிச்சா நிக்கணுமே?"

"மிதிச்சா போகும் மாமா."

மாமா கொஞ்ச நேரம் சுவரில் மாட்டியிருந்த சாலைக் குறியீட்டுப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைக் கண்டுபிடிச்சவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது போல" என்றார்.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாமா. பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், பக்கத்தில் உட்காரும் மாமாவின் காலடியில் இன்னொன்று இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர் பதறும்போதெல்லாம் மாமாவின் வலது கால் அந்த இரண்டாவது பிரேக்கை ஓர் அழுத்து அழுத்தும். எத்தனையோ நாய்களும் கோழிகளும் ஒரு பால்காரரும் அந்தக் காலால்தான் உயிரோடு இருக்கிறார்கள். அதனால் ஊர் அவருக்கு வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். சின்ன வயதில் லாரியில் கிளீனராக ஏறியவர், டிரைவர் ஆனார், பிறகு மாஸ்டர் ஆனார். சீட்தான் மாறியதே தவிர அவர் கீழே இறங்கவே இல்லை. சைக்கிள் என்பது அவரைப் பொறுத்தவரை ஹாரன் அடித்தால் ஒதுங்கிப் போகும் ஒரு பொருள்.

அவருக்கு ஏன் திடீரென்று சைக்கிள் மேல் அக்கறை வந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்காக நான் ஒரு வாரம் இருமினேன்.

வருடத்துக்கு ஒருமுறை மாமா உடல்தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இருந்தால்தான் அவர் அந்த சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கலாம். வழக்கமாகக் கையெழுத்துப் போடும் கிழட்டு டாக்டர் ஓய்வுபெற்றுவிட, அந்த இடத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். மாமாவுக்கு உள்ளுக்குள் உதறல். அத்தைக்குத் தெரியாமல் முதலில் ஒரு நடை போய்ப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, "புள்ளைக்கு இருமல், டாக்டர்கிட்ட காட்டிட்டு வர்றேன்" என்று என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஸ்கூலிலிருந்து கிளினிக்குக்கு நடந்தே போகலாம். அந்த எண்ணம் எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றியதில்லை.

டாக்டரம்மா மாமாவின் கையில் பட்டையைச் சுற்றினார், காற்றடித்தார், பார்த்தார். மறுபடி காற்றடித்தார். மறுபடி பார்த்தார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கேன் மேடம்."

"அட, பிரேக் மாஸ்டர் நீங்கதானா!" டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டு சிரித்தார். "உங்களைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். உங்க ஸ்கூல்ல படிச்சு முடிச்சவங்க எல்லாம் நேரா என் கிளினிக்ல வந்து சேர்றாங்க. சர்க்கரை, பிரஷர், முதுகுவலி. எப்படி வந்தீங்கன்னு கேட்டா கார்ல. வீடு எங்கன்னு கேட்டா பின்தெரு!"

மாமாவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். டாக்டரம்மா சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"இந்த பிரஷரோட ஓடற வண்டியில உட்கார நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்கு மட்டும் ஆகாது. மாத்திரை தர்றேன். ஆனா மாத்திரை மட்டும் பத்தாது, உடம்பு அசையணும். பழைய சான்றிதழ் மழைக்காலம் வரைக்கும் இருக்கு. அது முடிஞ்சதும் வாங்க. இறங்கியிருந்தா கையெழுத்து. இல்லன்னா ஸ்கூலை மூடிடுங்க."

"மேடம், அது..."

"இன்னொண்ணு. அன்னிக்கு கார்ல வந்தா உள்ளயே விடமாட்டேன்."

என்னிடம் திரும்பி, "உனக்கு என்னம்மா?" என்று கேட்டார். நான் இருமிக் காட்டினேன்.

திரும்பி வரும்போது மாமா வண்டியை ஓரம் கட்டினார். "அத்தைக்குத் தெரியக் கூடாது கண்ணு. தெரிஞ்சா அவ பயத்துலயே படுத்துடுவா" என்றார். நான் தலையாட்டினேன். ரகசியம் காப்பதில் எனக்குக் கஷ்டமே கிடையாது. வாயைத் திறப்பதில்தான் கஷ்டம். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டையில் ஏதோ உருண்டை போல் அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் அடைத்த உருண்டை இறங்கவே இல்லை. நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பள்ளிக்கூடம் அதோடு நின்றது. அம்மா என்னைத் தன் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். டிரைவிங் ஸ்கூலில் பெருக்குவேன், பயிற்சி மைதானத்தில் கூம்புகளை வரிசையாக அடுக்குவேன், கார் கழுவுவேன். யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. அத்தை எனக்கு "பூட்டு" என்று பெயர் வைத்திருந்தாள், அவ்வளவுதான். ஸ்கூல் மூடினால் அப்படி ஓர் இடம் எனக்கு இன்னொன்று கிடைக்காது.

இருமலுக்கு அத்தை ஒரு கறுப்புத் தண்ணீர் காய்ச்சித் தந்தாள். அதன் கசப்பு காதுவரை போனது. ஒரு வாரம் குடித்தேன்.

மாமா முதலில் நடந்துதான் பார்த்தார். அதிகாலையில் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, நான் பின்னால் வர, வீராப்பாகக் கையை வீசிக்கொண்டு கிளம்பினார். தெருமுனைகூட வரவில்லை, ஒரு கார் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே தையல்காரர். போன வருடம்தான் எங்களிடம் கற்றுக்கொண்டவர்.

"மாஸ்டர்! என்ன நடந்து வர்றீங்க? வண்டி மக்கர் பண்ணுதா? ஏறுங்க, ஏறுங்க."

"இல்லப்பா, சும்மா..."

"சும்மாவா? நீங்க நடக்கறதைப் பார்த்துட்டு நான் கார்ல போனா எனக்குச் சோறு இறங்குமா?"

பின்னால் ஹாரன் அடித்தது. மாமா ஏறிக்கொண்டார். ஏறாவிட்டால் போக்குவரத்து நின்றுவிடும் என்று என்னிடம் பிறகு விளக்கினார்.

மறுநாள் வேறு தெரு. கணக்கு டீச்சர் நிறுத்தினார். அதற்கடுத்த நாள் சந்து வழி. சந்துக்குள் கார் வராது என்று நம்பினோம். பின்னோக்கி ஓட்டுவதில் மாமாவிடம் முதல் மதிப்பெண் வாங்கிய ஒருவர் அந்தச் சந்துக்குள் பின்னோக்கியே வந்து, "ஏறுங்க மாஸ்டர்" என்றார். ஒரு பெண் தன் குழந்தையைப் பின்சீட்டுக்கு மாற்றி மாமாவுக்கு முன்சீட்டைக் கொடுத்தார். அந்த வாரம் மாமா காரில் பயணம் செய்த தூரம் மற்ற வாரங்களைவிட அதிகம்.

"இந்த ஊர்ல நான் நடக்கவே முடியாது கண்ணு" என்றார் மாமா, யாரோ கொண்டுவந்து இறக்கிவிட்ட இடத்தில் நின்றபடி. சாலையில் கார்கள் ஒன்றையொன்று முட்டாத குறையாக ஊர்ந்துகொண்டிருந்தன. "பாரேன். எல்லாம் நான் ரோட்டுல இறக்கி விட்டதுங்க. ஒண்ணுகூட நகரல."

பிறகுதான் அந்தக் கேள்வி. சைக்கிளில் போகிறவனை யாரும் காரில் ஏறச் சொல்ல முடியாதே! சைக்கிளை என்ன செய்வார்கள், டிக்கியிலா போடுவார்கள்? யோசனை மாமாவுடையது. சைக்கிள் என்னுடையது. பள்ளிக்கூடத்தை நிறுத்தினேனே தவிர சைக்கிளை நிறுத்தவில்லை. முன்னால் கூடை, ஒரு மணி, பெண்கள் சைக்கிளுக்கே உரிய தாழ்வான கம்பி. மாமா அதன் மேல் முதன்முதலில் உட்கார்ந்தபோது அது மனிதரைப் போலவே முனகியது.

பயிற்சி மைதானத்தில் கார்களுக்காக எட்டு வடிவில் கோடு போட்டு, ஓரமாக ஆரஞ்சு நிறக் கூம்புகள் அடுக்கியிருப்போம். முதல் மாணவர் வருவதற்கு முன், வெளிச்சம் வந்ததும் வராததுமாக, அங்கேதான் எங்கள் வகுப்பு. நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன்.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன் மாமா."

"சீட் பெல்ட்?"

"கிடையாது மாமா."

"கண்ணாடி?"

"கிடையாது."

"பின்னால வர்றவனை எப்படிப் பார்க்கறது?"

"பின்னால நான்தான் வர்றேன்."

சமநிலை அவருக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. எவ்வளவானாலும் வண்டியில் வளர்ந்தவர். வராதது ஒன்றே ஒன்று. கூம்பு நெருங்கினால் மாமாவின் வலது கால் தானாகவே ஓங்கி அழுத்தும். காரில் அழுத்தினால் நிற்கும். சைக்கிளில் அழுத்தினால்? பாய்ந்தது. பாய்ந்ததும் பயந்தார். பயந்ததும் இன்னும் ஓங்கி அழுத்தினார். கூம்புகள் நான்கு பக்கமும் தெறித்தன. மாமா மைதானத்தின் கடைசிவரை போய் புல்மேட்டில் ஏறி, சைக்கிள் ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாகச் சாய்ந்து, "நின்னுடுச்சு பார்த்தியா?" என்றார்.

"கையில மாமா! கையில!" என்று கத்திக்கொண்டே ஓடுவேன். என் தொண்டையிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வருவது எனக்கே புதிதாக இருந்தது. மைதானத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை என்பதால் வந்திருக்கலாம்.

நாளாக நாளாக மாமா எட்டு போட்டார், வட்டம் போட்டார், கூம்புகளுக்கு நடுவே பாம்பு போல் வளைந்து போனார். மைதானம் அலுத்துப்போய் பின்பக்கத்துச் சந்துகளுக்கும் வயல்வழிக்கும் போக ஆரம்பித்தோம். நிற்பதற்கு மட்டும் புல்மேடு வேண்டும், அல்லது மணல்குவியல், அல்லது நான். ஆனால் வேறு சில விஷயங்கள் நடந்தன. மாடிப்படியில் பாதியில் நின்று, யாரையோ கூப்பிடுவது போல நடித்து மூச்சு வாங்கும் பழக்கம் போனது. குறட்டை நின்றது. முழங்கால் வலிக்கு மருந்து தடவுவதை மறந்துபோனார். வழியில் பார்க்கிறவர்களின் பெயரெல்லாம் அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. "அந்த மூலை வீட்டுல ஒரு மாமரம் இருக்கு கண்ணு, இத்தனை வருஷமா எங்கிட்ட யாருமே சொல்லல" என்றார். மாணவர்களைத் திட்டுவதும் குறைந்தது. பேக்கரிக்காரர் ஒருவர் அப்போது எங்களிடம் கற்றுக்கொண்டிருந்தார். கியர் போடச் சொன்னால் வைப்பரைப் போடுவார். அவரிடமே மாமா, "பரவாயில்ல, கண்ணாடி சுத்தமாச்சு" என்றார்.

அத்தைக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் இருக்குமா? வகுப்பறையில் சாலை விதிகளைப் பாடம் நடத்துகிறவள் அவள், மாமா இல்லாத நாளில் பயிற்சிக் காரிலும் உட்காருவாள். சிவப்பு விளக்கைத் தாண்டினால் கேள்வி கேட்பது அவள் ரத்தத்திலேயே இருந்தது.

"பூட்டு, இங்க வா. உங்க மாமா பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்காரு."

நான் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கத் தொடங்கினேன்.

"காலங்காத்தால எங்கயோ போறாரு. வரும்போது விசிலடிச்சுக்கிட்டு வர்றாரு. இந்த மனுஷன் விசிலடிச்சு நான் பார்த்ததே இல்ல. யாருக்காக இப்படி இளைக்கறாரு?"

நான் இருமினேன்.

"அந்த இருமல் இன்னுமா போகல?" என்று அத்தை அடுப்படிக்குப் போனாள். கறுப்புத் தண்ணீர் மறுபடி வந்தது.

மழைக்காலம் முடிந்தது. டாக்டரம்மா சொன்ன நாள் வந்தது. மாமா சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். "பேக்கரிக்காரரை இன்னிக்கு நீ கூட்டிட்டுப் போ, எனக்கு ஒரு வேலை இருக்கு" என்று அத்தையிடம் சொன்னபோது அத்தை அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டையில் அந்தப் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

சந்து வழியாகப் போய், தண்ணீர்த்தொட்டியைச் சுற்றி, கிளினிக்கின் பின்வாசலில் இருக்கும் மணல்குவியலில் நிறுத்துவது என்பது எங்கள் திட்டம். மாமா மிதித்தார், நான் பின்னால் ஓடினேன். பாதிச் சந்து போனதும் பார்த்தால், குழாய் பதிக்க வழியைக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். மாமா பக்கத்துத் தெருவில் திருப்பினார். பக்கத்துத் தெரு சரிவு. சரிவு போய்ச் சேர்வது பெரிய சாலை. பெரிய சாலையில் ரவுண்டானா.

"மாமா, கையில!"

மாமாவின் கால் அழுத்தியது. சைக்கிள் அம்பு போல் இறங்கி ரவுண்டானாவுக்குள் நுழைந்தது. நான் ஓரத்தில் மூச்சிரைத்து நின்றுவிட்டேன்.

ஒரு சுற்று வந்தார். அடுத்த சுற்று வந்தார். கிளினிக்குக்குப் போகும் சாலை அவரைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது.

"வெளிய வாங்க மாமா!"

"எப்படி வர்றது? சைகை காட்டணுமே!" என்று என்னைத் தாண்டும்போது கத்தினார். "சைகை காட்டணும்னா கையை எடுக்கணும். கையை எடுத்தா விழுந்துடுவேன்!"

அடுத்த சுற்றில்: "சைகை வேணாம் மாமா, சும்மா வாங்க!"

அதற்கடுத்த சுற்றில்: "சைகை இல்லாமயா? இத்தனை ஸ்டூடன்ட்ஸ் பார்க்கறாங்க!"

அப்போதுதான் நானும் பார்த்தேன். ரவுண்டானாவில் சேரும் எல்லாச் சாலைகளிலும் கார்கள் நின்றுகொண்டிருந்தன. ஒருவர்கூட உள்ளே நுழையவில்லை. உள்ளே சுற்றுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை என்று மாமா ஒவ்வொருவர் மண்டையிலும் ஆணி அடித்தது போல இறக்கியிருந்தார். உள்ளே ஒரு வண்டி சுற்றிக்கொண்டிருந்தது. அதில் மாமா இருந்தார். அவர்கள் காத்திருந்தார்கள்.

தையல்காரர் தலையை வெளியே நீட்டினார். "மாஸ்டர் என்ன பண்றாரு?"

"ஏதோ செஞ்சு காட்டறாரு" என்றார் கணக்கு டீச்சர் அடுத்த காரிலிருந்து. "நல்லா கவனிங்க."

"மாஸ்டர்! சைக்கிளைப் போட்டுட்டு ஏறுங்க மாஸ்டர்!" என்று இன்னொரு குரல்.

வரிசை நீண்டுகொண்டே போனது. காத்திருந்து சலித்தவர்கள் எஞ்சினை அணைத்தார்கள். எஞ்சின் அணைந்ததும் அந்தச் சாலையில் இதுவரை இல்லாத ஓர் அமைதி இறங்கியது. எங்கோ ஒரு குழந்தை, "அம்மா, குருவி!" என்றது. சிலர் கதவைத் திறந்து இறங்கினார்கள். இறங்கியவர்கள் சுற்றிலும் பார்த்தார்கள். "இந்தா, சந்தை இங்கதான் இருக்கு! நடந்தா ஒரு எட்டு!" என்று ஒருவர் ஏதோ புதையல் கிடைத்தது போல் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். இரண்டு பள்ளிப்பிள்ளைகள் அப்பாவின் காரிலிருந்து குதித்து, மாமாவின் சுற்றுகளை எண்ணிக் கைதட்டிவிட்டு, பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினார்கள். அப்பா காரோடு அங்கேயே இருந்தார்.

மாமாவின் முகம் சிவந்து வேர்த்திருந்தது. அடுத்த சுற்றில் அவர் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பில்லை. இவ்வளவு நாள் கஷ்டப்பட்டு இறக்கிய பிரஷரை இந்த ரவுண்டானா ஏற்றிவிடும். கையெழுத்து போய்விடும். ஸ்கூல் போய்விடும். அந்த உருண்டை தொண்டையில் எழும்பியது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சாலைக்குள் இறங்கினேன்.

"பிரேக் மாமா! ரெண்டு கையும்! இறுக்கிப் பிடிங்க! காலை எடுங்க! காலை எடுத்துடுங்க மாமா!"

என் குரல் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. பூட்டுக்கு இப்படியொரு தொண்டையா என்று யாரோ சொன்னார்கள். மாமா காலை எடுத்தார். இரண்டு காலையும் விரித்துத் தூக்கிக்கொண்டு, சிறகு விரித்த வாத்து போல் சுற்றினார். ஆனால் கை மட்டும் கேட்கவில்லை. அந்தக் கைகளுக்கு பிரேக் என்றால் என்னவென்றே தெரியாது.

அப்போது நின்றிருந்த வரிசையில் எங்கள் பயிற்சிக் கார் கதவு திறந்தது. பேக்கரிக்காரர் ஓட்டுநர் இருக்கையில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்துக் கதவிலிருந்து அத்தை இறங்கினாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். நடந்து வந்து, மாமா வரும் பாதையில், இடுப்பில் கைவைத்து நின்றாள்.

மாமா வளைவில் திரும்பினார். அத்தையைப் பார்த்தார்.

பயத்தில் அவருடைய இரண்டு கைகளும் இறுகின. கைப்பிடியோடு சேர்ந்து பிரேக்கும் இறுகியது. சைக்கிள் ஒரு கீச்சுச் சத்தத்தோடு அத்தையின் கால் விரல்களுக்கு முன்னால் நின்றது.

எல்லாக் கார்களிலிருந்தும் ஹாரன் அடித்தார்கள். அது கோபத்தில் அடித்த ஹாரன் இல்லை.

"கையில!" என்றார் மாமா என்னைப் பார்த்து, ஆனந்தத்தில் கண் கலங்க. "கையிலதான் இருக்கு கண்ணு!"

"எங்க போறீங்க?" என்று அத்தை கேட்டாள்.

"டாக்டர்கிட்ட."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

மாமா என்னைப் பார்த்தார். நான் இருமப் போனேன். அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். இருமல் அங்கேயே நின்றுவிட்டது.

கிளினிக்குக்கு நடந்தே போனோம். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். வழி முழுக்க மாமா எல்லாவற்றையும் ஒப்பித்தார். டாக்டரம்மா, கையெழுத்து, தையல்காரர், புல்மேடு. அத்தை ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள். ஒவ்வொரு "ம்"மும் முந்தியதைவிடச் சின்னதாக இருந்தது. "நீ பயப்படுவேன்னுதான் சொல்லல" என்று மாமா முடித்தபோது, "இப்ப யாரு பயப்படறா?" என்றாள்.

டாக்டரம்மா பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். புருவம் மேலே ஏறியது.

"வர்ற வழியில என்ன பண்ணீங்க?"

"ரவுண்டானா" என்றார் மாமா பரிதாபமாக.

"இப்ப எடுத்தது கணக்குல வராது. கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க." அத்தையைப் பார்த்தார். "இவங்க யாரு?"

"மனைவி."

"அப்படியா! இவங்க வாயைத் திறக்கப் போறாங்கன்னு உங்க நாடித்துடிப்பு சொல்லுது. அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த ரூம்ல யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒரு வார்த்தைகூட."

அத்தைக்கு இப்படி உத்தரவு போட்டவர் உலகத்திலேயே இல்லை. அவள் உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டாள். அறையில் மின்விசிறி மட்டும் பேசியது. மாமா கண்ணை மூடினார். எனக்கும் பேச எவ்வளவோ இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, பேச முடியாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இறங்கு, இறங்கு என்று அந்தக் கருவியைப் பார்த்து மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா மறுபடி காற்றடித்தார். அத்தை நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தாள். காற்று சீறிக்கொண்டு இறங்கியது. டாக்டரம்மா இன்னொருமுறை எடுத்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"மாத்திரையை நிறுத்தாதீங்க. சைக்கிளையும் நிறுத்தாதீங்க" என்றபடி கையெழுத்துப் போட்டார். "நிறுத்தவும் கத்துக்கிட்டீங்கன்னா ரொம்ப நல்லது."

மாமா துள்ளி எழுந்தார். என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. வெளியே வந்ததும் வாசலிலேயே சான்றிதழை உயர்த்திப் பிடித்து ஆட்டினார். ரவுண்டானாவிலிருந்து மீண்டு வந்திருந்த பேக்கரிக்காரர் எப்படியோ தனியாகவே காரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார், வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"பார்த்தியா! இறங்கிடுச்சு! இப்பவாவது பேசு. டாக்டரம்மா உள்ளதான் பேசக் கூடாதுன்னாங்க. இங்க பேசலாம். திட்டறதுன்னா திட்டு."

அத்தை சான்றிதழை வாங்கினாள். கண்ணுக்குக் கிட்டே வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கையெழுத்து இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"நான் வேணும்னு மறைக்கலம்மா. யாராவது ஒருத்தர்கிட்ட கத்துக்கணுமேன்னு... நம்ம வீட்டுல சைக்கிள் தெரிஞ்சது பூட்டுக்கு மட்டும்தானே?"

அத்தை அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அவள் முகத்தில் பார்த்ததில்லை. பிறகு என் கையிலிருந்து சைக்கிளை வாங்கினாள். கைப்பையைக் கூடையில் போட்டாள். சீட்டை ஒரு தட்டு தட்டினாள். இரண்டு பிரேக்கையும் விரலால் மடக்கிப் பார்த்தாள். ஒரு காலைப் பெடலில் வைத்து, இன்னொரு காலால் தரையை இரண்டு உந்து உந்தி, ஓடுகிற சைக்கிளில் லாகவமாக ஏறி உட்கார்ந்தாள்.

மாமாவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. "இவளுக்கு எப்ப..." என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியாது. யாரும் அவளைக் கேட்டதே இல்லை.

பேக்கரிக்காரர் வழிவிட வேண்டுமே என்று பதறி ஹாரனை அழுத்தினார். அத்தை ஒரு கையை எடுத்து, வலப்பக்கம் திரும்பப் போவதாக நேராக நீட்டிக் காட்டினாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. வளைந்து, பெரிய சாலையில் ஏறி, போய்விட்டாள்.